65 இன்ச் டிவியா, 100 இன்ச் புரொஜெக்டரா?

பகலிலும் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்க்கும் ஹாலுக்கு 65 இன்ச் டிவிதான் சரி. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. திரையில் விழும் அறை வெளிச்சம்தான் அதன் கறுப்பு. அதனால் பகலில் படம் வெளிறிப்போகும்.

நன்றாக இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தால் புரொஜெக்டரையே வாங்குங்கள். 100 இன்ச் திரையின் அகலம் சுமார் 221 செ.மீ.; த்ரோ ரேஷியோ (லென்ஸிலிருந்து திரை வரையுள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 1.2 என்றால் லென்ஸ் 265 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். கடைக்குப் போகும் முன்பே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வெறும் ‘லுமென்ஸ்’ வெளிச்ச எண்ணை நம்பவே வேண்டாம். ஆன்சி (ANSI) தரமுறைப்படி அளந்த லுமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். கோணலாக மாட்டிவிட்டு, கோணிய படத்தை நேராக்கும் ‘கீஸ்டோன்’ வசதியில் சரிசெய்தால் பிக்சல்கள் வீணாகி, கூர்மை குறையும். ஸ்பீக்கருக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஃபில்டர் உள்ள மாடலில் தூசி அடைத்தால் சூடேறி, பாதிப் படத்தில் அணைந்துவிடும்.