பழைய ஜிபிஎஸ் வாங்குவோர் கவனத்துக்கு: ‘ஆன் ஆகுது, சாட்டிலைட் பிடிக்குது’ என்பது போதாது

பிறர் ஒளித்துவைத்த பெட்டியை (கேஷ்) ஜிபிஎஸ் கருவி வைத்துத் தேடும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். விட்டுப்போன அதை மறுபடி தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது கைபழகிய பழைய கருவியைத்தான். விற்பவர்களுக்கும் இது தெரியும். ‘கார்மின் ஈட்ரெக்ஸ் 30, காம்பஸ் உண்டு, மேப் உண்டு, வாட்டர்ப்ரூஃப்’ என்ற விளம்பரத்தை நம்பி நான் பணம் அனுப்பியதற்கு வந்து சேர்ந்தது ஈட்ரெக்ஸ் 20. முகப்பில் உள்ள மாடல் பெயர் விழாதபடி, திரையை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார் விற்றவர். கேட்டதற்கு, “காம்பஸ் பக்கம் திறக்குதே, பாருங்க” என்று பதில்.

ஏமாற்று நடப்பது அங்கேதான். காம்பஸ் பக்கம் இரண்டு மாடலிலும் உண்டு. காந்த சென்சாரும் காற்றழுத்த உயரமானியும் 30-இல் மட்டுமே உண்டு. சென்சார் இல்லாத கருவி நீங்கள் நடக்கும்போதுதான் திசை சொல்லும். கேஷுக்குப் பத்து மீட்டர் தொலைவில் நின்று புதரைத் துழாவும்போது, அதாவது திசை மிகவும் தேவைப்படும் நேரத்தில், அம்புக்குறி கண்டபடி அலையும். விற்பவரிடம் வீடியோ கேளுங்கள்: காம்பஸ் பக்கத்தைத் திறந்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும். கருவி திரும்பத் திரும்ப முள் திரையில் நகர்ந்து ஒரே திசையையே காட்டினால் சென்சார் இருக்கிறது. மெனுவில் ‘கேலிப்ரேட் காம்பஸ்’ (காம்பஸைச் சரிசெய்வது) இருக்கிறதா என்பதையும் காட்டச் சொல்லுங்கள். சென்சார் உள்ள கருவியிலும் பேட்டரி மாற்றியபின் கேலிப்ரேட் செய்யாவிட்டால் திசை தப்பலாம். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அடுத்து உடம்பு. வந்த கருவியின் பக்கவாட்டு ரப்பர் பட்டையை சூப்பர் குளூ போட்டு ஒட்டியிருந்தார்கள். நகத்தால் தடவினால் ஓரத்தில் காய்ந்த பசை வெள்ளையாகத் தட்டுப்பட்டது. பொத்தான்கள் இருப்பது அந்தப் பட்டைக்கு அடியில்தான். இந்தக் கருவிகளின் நீர்த்தடுப்புத் தரமான ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பட்டை ஒருமுறை பிரிந்து வந்த கருவிக்கு அந்தக் கணக்கை நம்பி மழையில் இறங்காதீர்கள். நான்கு பக்க விளிம்புகளையும் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பேட்டரி அறையைத் திறந்த படம் இல்லாமல் எந்தப் பேரமும் வேண்டாம். அல்கலைன் பேட்டரியை உள்ளேயே விட்டு வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியில் கசிவு சகஜம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம். உப்புத்தாள் தேய்த்த கீறல் தெரிந்தால் விலகிவிடுங்கள். மேற்பூச்சு போன ஸ்பிரிங் திரும்பத் திரும்ப அரிக்கும். கருவி கைக்கு வந்ததும் சார்ஜ் ஏற்றிய இரண்டு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போட்டு, அமைப்பில் பேட்டரி வகையையும் மாற்றி, திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். அணைந்து போனால் தொடர்பு சரியில்லை.

மினி யுஎஸ்பி துளையிலும் ஒரு தந்திரம் உண்டு. கேபிளைச் செருகினால் கருவி உயிர்பெறுவதை மட்டும் காட்டுவார்கள். டேட்டா போகிறதா என்பதுதான் கேள்வி. கணினியில் கருவி டிரைவாகத் தெரிந்து, ‘கார்மின்’ ஃபோல்டருக்குள், கேஷ் கோப்புகள் இருக்கும் ‘ஜிபிஎக்ஸ்’ ஃபோல்டர் திறப்பதைக் காட்டச் சொல்லுங்கள். 20, 30 இரண்டிலும் துளை பழுதானாலும் மைக்ரோ எஸ்டி கார்டில் அதே ஃபோல்டர்களை உருவாக்கி கேஷ் கோப்புகளை ஏற்றிவிடலாம். ஈட்ரெக்ஸ் 10-இல் கார்டு இடமே கிடையாது. துளை செத்தால் கோப்பு ஏற்ற வழியில்லை.

‘மேப் உண்டு’ என்பதற்காக ஒரு பைசா கூட அதிகம் கொடுக்காதீர்கள். கூடவே வந்த கார்டில் இருந்தது நகலெடுத்த வணிக மேப். கருவி அதைத் திறக்க மறுத்துவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் செய்த மேப் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வாங்கியாகிவிட்டதா? முதல்முறை ஆன் செய்ததும் இடம் காட்டவில்லை என்று பதறாதீர்கள். நெடுநாள் கிடந்த கருவி சாட்டிலைட் அட்டவணையை முழுதாக வாங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். திறந்த வெளியில் இருபது நிமிடம் வைத்துவிடுங்கள். பிறகு தேதியைப் பாருங்கள்: 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் வார எண் பூஜ்யத்துக்குத் திரும்பியதால், அப்டேட் இல்லாத சில பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் இருக்கும். டேட்டம் (ஆயத்தொலைவுக்கு அடிப்படையான புவி அளவு முறை) டபிள்யூஜிஎஸ் 84 தானா, ஆயத்தொலைவு டிகிரியும் தசம நிமிடமுமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னாள் உரிமையாளர் வேறு டேட்டம் வைத்திருந்தால் நூறு மீட்டர் தள்ளிக்கூடத் தேட வேண்டிவரும்.

சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வசதி உள்ள மாடல் என்றால், பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கித் தராமல் உங்களால் சந்தா தொடங்க முடியாது. இந்தியாவுக்குள் அதை அனுமதியின்றிக் கொண்டுவந்து விமான நிலையத்தில் சிக்கிய பயணிகளும் உண்டு.

பணம் அனுப்பும் முறைதான் கடைசிக் கண்ணி. ‘கட்டணம் மிச்சம், நண்பருக்கு அனுப்புவது போல பேபாலில் அனுப்புங்க’ என்றார் இந்த விற்பனையாளர். அப்படி அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. புகார் கொடுத்தும் பணம் திரும்பவில்லை. பொருளுக்கான கட்டணமாக மட்டுமே அனுப்புங்கள். பார்சல் பிரிப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுத்து, மாடல் பெயரும் ‘அபௌட்’ பக்கத்தில் உள்ள யூனிட் எண்ணும் தெளிவாக விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.