கோப்ளினுக்கு உயிர் ஏழுதான்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நாங்கள் ஐந்து பேர் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றின் பின்மேசையைப் பிடித்துவிடுவோம். ஆளுக்கொரு தே தாரிக், நடுவில் பகடைப் பை. ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி அரக்கர்களோடு சண்டை போடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துவது நான். நாங்கள் இன்னும் 2014 விதிகளைத்தான் வைத்திருக்கிறோம்; இங்கே வரும் கணக்கெல்லாம் அதற்குத்தான்.

புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் ஒரே தகராறு. முதல் லெவல் ஃபைட்டர், அதாவது ஆரம்ப நிலைப் போர்வீரன் கையில் எதைக் கொடுப்பது? என் அத்தை மகனுக்கு இரண்டு கையாலும் தூக்குகிற பெரிய வாள்தான் வேண்டும். தங்கச்சிக்கு இரண்டு குட்டை வாள். லாரி ஓட்டுகிற கூட்டாளி ஒருவன் இருக்கிறான், அவன் எப்போதும் ஒரு நீள வாளும் கேடயமும். போன மாதம் இந்தத் தகராறு முற்றியதில் ரொட்டி சானாய் ஆறிப்போனது. சரி, இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று பில் சீட்டைத் திருப்பிப் பேனாவை எடுத்தேன்.

மூவருக்கும் பலம் 16, அதாவது +3. பயிற்சிக்கு +2. ஆகத் தாக்கும்போது பகடையோடு +5. மூவரும் ஃபைட்டர் என்பதால் தங்கள் ஆயுதத்துக்கேற்ற சண்டைப் பாணியை ஆளுக்கொன்றாக எடுத்திருக்கிறார்கள். எதிரே நிற்பது கோப்ளின் என்கிற குட்டி அரக்கன்: கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. இருபது பக்கப் பகடையில் 10-ஓ அதற்கு மேலோ விழுந்தால், +5 சேர்ந்து 15-ஐ எட்டி, அடி படும். நூற்றுக்கு 55 தடவை.

பெரிய வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, கூட +3. இந்தப் பாணியில் 1, 2 விழுந்தால் ஒருமுறை மறுபடி உருட்டிக்கொள்ளலாம், அதனால் அடியின் சராசரி 10-லிருந்து 11.3 ஆகிறது. தவறும் வீச்சு, 20 விழுந்து பகடை இரட்டிக்கும் வீச்சு எல்லாம் சேர்த்தால் சுற்றுக்கு 6.65. இரண்டு குட்டை வாளுக்கு ஒவ்வொரு வெட்டும் ஓர் ஆறுமுகப் பகடையும் +3-ம். இரண்டும் சேர்த்துச் சுற்றுக்கு 7.5. நீள வாளை ஒற்றைக் கையில் பிடித்தால் எட்டுமுகப் பகடை, பலத்துக்கு +3, பாணிக்கு +2, சுற்றுக்கு 5.45.

இதைச் சொன்னதும் தங்கச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு விஷயம் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாணி இல்லாவிட்டால் இரண்டாவது வெட்டில் +3 சேராது. அப்போது இரண்டு குட்டை வாளும் சேர்ந்து தருவது இரண்டு ஆறுமுகப் பகடையும் ஒரு +3-ம். பாணி இல்லாத பெரிய வாளும் அச்சு அசல் அதையேதான் தருகிறது. ஆக அவளுடைய முன்னிலை முழுவதும் ஆயுதத்தில் இல்லை, பாணியில் இருக்கிறது. பாணியே இல்லாத ரோக், அதாவது திருட்டுக் கில்லாடி கையில் இரட்டை வாள் வேறு காரணத்துக்காகப் பிரமாதம்: மறைந்து குத்தும் அடி தன் முறை வரும்போது ஒரு தடவைதான் சேரும், அதைச் சேர்க்க இரண்டு வாய்ப்புக் கிடைத்தால் 55 என்பது 80-க்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

சராசரிப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில்தான் குறை. கோப்ளினுக்கு இருப்பது ஏழு உயிர். பதினைந்து அடித்தாலும் அது ஒரே தடவைதான் சாகும், மிச்ச எட்டு தரையில் கொட்டிய தேத்தண்ணி. முதல் லெவலில் சராசரி அடியைக் கேட்பதைவிட, ஒரு சுற்றில் எதிரே நிற்பது விழுமா என்று கேட்பதுதான் புத்தி.

அப்படிக் கேட்டால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பெரிய வாள் பட்டால் ஏறக்குறைய விழுந்த மாதிரிதான். நூற்றுக்கு 54, 55 தடவை அந்தச் சுற்றிலேயே கோப்ளின் காலி. இரட்டை வாள் ஒரு வெட்டில் பாதி நேரம் கொல்லாது, நான்குக்குக் கீழே விழுந்தால் ஏழு எட்டாது. ஆனால் இரண்டும் பட்டால் குறைந்தது எட்டு, தப்ப வழியில்லை. மொத்தம் 57. முதல் வெட்டிலேயே ஒன்று விழுந்தால் இரண்டாவது வெட்டு பக்கத்தில் நிற்கும் இன்னொன்றுக்கு. நீள வாளும் கேடயமும் 49.

பார்த்தீர்களா? சராசரியில் 7.5-க்கும் 5.45-க்கும் பெரிய பள்ளம் தெரிந்தது. விழும் கணக்கில் அந்தப் பள்ளம் நூற்றுக்கு எட்டு தடவையாகச் சுருங்கிவிட்டது. அப்புறம் கேடயத்தை எடைபோடாமல் எப்படி? சங்கிலிக் கவசம் போட்ட ஃபைட்டருக்குக் கவச எண் 16, கேடயம் பிடித்தால் 18. கோப்ளின் +4-ஓடு அடிக்கிறது, அடி ஒவ்வொன்றும் சராசரி 5.5. நான்கு கோப்ளின் ஒருவனைச் சூழ்ந்துகொண்டால், 16-க்கு ஒரு சுற்றில் போகும் உயிர் 10.6. 18-க்கு 8.4. நம்ம ஆளிடம் இருப்பதே 12.

லாரிக்காரக் கூட்டாளி இதற்கெல்லாம் ஒன்றும் பேசவில்லை. குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அத்தை மகன் விடுவானா? "மச்சான், மனுஷ இனத்துல மாற்று வகையை எடுத்தா ஆரம்பத்திலேயே ஒரு சிறப்புத் திறன் கிடைக்கும். தாக்குற பகடையில அஞ்சைக் குறைச்சிட்டு அடியில பத்து ஏத்துறேன்" என்றான். பெரிய ஆயுத வல்லுநருக்கான திறனைச் சொல்கிறான். வேறொரு மேசையில் இதைக் கேட்டு வாயைப் பிளந்திருப்பார்கள். கோப்ளின் மேல் போட்டுப் பாருங்கள்: சராசரி 6.65-லிருந்து 6.8-க்கு ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அடி படுவது 55-லிருந்து 30-க்கு இறங்குகிறது, அதனால் விழுவதும் 30. மூன்று பங்கு அடியை ஏழு உயிருள்ள ஆளுக்கு எதற்கு? எண்ணெய் எடுக்கும் குட்டைச் செம்பனையில் குலை வெட்ட உளி மாதிரி வெட்டி போதும். அதற்கு யாராவது நீளக் கம்பில் கட்டின அரிவாளைத் தூக்கிக்கொண்டு போவார்களா? அவன் அப்பாவே குலை வெட்டியவர், அதனால் இந்த உதாரணம் அவனுக்கு உறைத்தது.

நியாயமாகச் சொன்னால் நீளக் கம்புக்கும் வேலை உண்டு. ஒகர் என்கிற பெரிய அரக்கன் வந்தால் கதை மாறும். அதன் கவச எண் 11, உயிர் 59. அங்கே கொட்டிப் போவது எதுவும் இல்லை, அடித்ததெல்லாம் கணக்கில் சேரும். பெரிய வாள் சாதாரணமாக 8.9, இரட்டை வாள் 10.1, ஐந்தைக் குறைத்துப் பத்தை ஏற்றினால் 11. அதே திறனில் இன்னொரு பாதியும் இருக்கிறது, ஒன்றைச் சாய்த்தால் உடனே இன்னொரு வெட்டு. கோப்ளின் கூட்டத்தில் அவன் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினான். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஒகரின் ஒரு அடி சராசரி 13, நம்ம ஆளின் உயிர் 12.

வில்லுக்கு நான் அதிகம் இடம் தரவில்லை. நீள வில்லோடு வில் பாணி எடுத்தால் +2 கூடும், பலத்தை விட்டுச் சுறுசுறுப்பை 16 ஆக்கிக்கொள்ள வேண்டும்; கோப்ளினுக்கு 65 தடவை படும், அடி சுமார்தான். ஆனால் அடி வாங்காத தூரத்தில் நிற்கலாம், அதற்கு எண் போட முடியாது. பார்பேரியன் என்கிற முரட்டு வீரனுக்குக் கோபத்தில் அடிக்கு +2, அவன் மேல் படும் வெட்டும் குத்தும் பாதியாகும். ஆனால் நாளுக்கு இரண்டு தடவைதான் கோபம் வரும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இத்தனையும் போட்டு முடித்தபோது ஐந்தாவது ஆள், இதுவரை கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த விசார்ட், அதாவது மந்திரவாதியாக ஆடுகிறவன், மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, தூக்க மந்திரத்துக்கு எவ்வளவு?" ஐந்து எட்டுமுகப் பகடை, சராசரி 22.5. அந்த அளவு உயிர் தீரும் வரை, குறைந்த உயிர் உள்ளதிலிருந்து ஒவ்வொன்றாகத் தூங்கவைத்துக் கழித்துக்கொண்டே போகும். எதிர்த்துத் தப்ப வாய்ப்பே கிடையாது. ஏழு ஏழாகக் கழித்தால் மூன்று கோப்ளின். தூங்குகிறதை அடிக்கப் பகடையை இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுக்கலாம், பக்கத்தில் நின்று அடித்தால் பட்டதெல்லாம் இரட்டைப் பகடை. 2024 விதிகளில் இந்த மந்திரத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அது தனி வருத்தம்.

ஒரு சுற்றில் மூன்று. என் சீட்டில் இருந்த எதுவும் அதன் கிட்டே வரவில்லை. இடையில் ஓய்வெடுக்காமல் இரண்டு தடவைதான் போட முடியும் என்று லாரிக்காரன் நினைவுபடுத்தினான், அன்று அவன் பேசிய ஒரே வாக்கியம்.

அப்புறம் எல்லோரும் என்ன எடுத்தார்கள்? தங்கச்சி இரட்டை வாள். லாரிக்காரன் கேடயம், முன்னால் நிற்க. அத்தை மகன் சீட்டை இரண்டு தடவை படித்தான், தலையை ஆட்டினான், பெரிய வாளையே எழுதிக்கொண்டான். திறனை மட்டும் மாற்றவில்லை. "ஒகர் வராமலா போகும்?" என்றான். ஆட்டத்தை நடத்துவது நான் என்பதால் பதில் சொல்லாமல் தே தாரிக்கைக் குடித்து முடித்தேன்.