படத்துல அதிருது, பாட்டுல சத்தமே இல்ல: சப்வூஃபரோட நாலு வருஷம்

எங்க ஹால் 14க்கு 11 அடி. ஒரு 5.1 ரிசீவர் (சத்தத்தப் பிரிச்சு ஸ்பீக்கர்களுக்கு அனுப்புற ஆம்ப் பெட்டி), முன்னாடி ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், சென்டர், பின்னாடி ரெண்டு, அப்புறம் பேஸ், அதாவது அடி சத்தம் மட்டும் பாடுற 10 இன்ச் ஆக்டிவ் சப்வூஃபர் (ஆக்டிவ்னா உள்ளயே ஆம்ப் இருக்கும்). நாலு வருஷமா தினமும் ஓடுது. இதுக்கு முன்னாடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கி அசெம்பிள் பண்ண ஆம்ப் இருந்துச்சு, அந்த பழைய சப் பெட்டியவே புது ரிசீவர்ல மாட்டிக்கலாம்னு நெனச்சேன், ஆனா அது பாசிவ், உள்ள ஆம்ப் கிடையாது, ரிசீவரோட சப் அவுட்ல வர்றது வெறும் லைன் லெவல் சிக்னல், பலம் பத்தாது, பெட்டிய ஓட்ட தனியா ஆம்ப் வேணும். பழைய பெட்டி வச்சிருக்கவங்க இத மொதல்ல பாத்துக்கோங்க.

கனெக்‌ஷன் பெரிய வேலையே இல்ல. ரிசீவர் பின்னாடி சப்வூஃபர் ப்ரீ அவுட்ல இருந்து ஒரே ஒரு ஆர்சிஏ கேபிள், சப்ல எல்எஃப்இ-ன்னு போட்டிருக்குற இன்புட்டுக்கு, அவ்ளோதான். ஒய் கேபிள் போட்டு ரெண்டு இன்புட்லயும் குத்தணும்னு கடைல சொன்னாங்க, தேவையில்ல.

எனக்கு பிரச்சன ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான். படம் போட்டா சோஃபா அதிரும், பாட்டு போட்டா சப் மேல கைய வச்சாலும் ஒரு அசைவு இருக்காது. மூணு மாசம் பீஸ்தான் ஃபால்ட்டுன்னு நெனச்சு சர்வீஸ்காரர கூட வரவச்சேன், அவரு நல்லாதான் இருக்குன்னு சொல்லிட்டு போயிட்டாரு. காரணம் இதுதான்: 5.1-ல அந்த .1 தான் எல்எஃப்இ சேனல், படத்துல வர்ற அதிர்ற சத்தத்துக்குன்னே தனியா இருக்குறது, ஸ்டீரியோ பாட்டுல அப்படி ஒரு சேனலே கிடையாது. முன் ஸ்பீக்கர்கிட்ட இருந்து ரிசீவர் வெட்டி அனுப்புற பேஸ்தான் பாட்டுல சப்புக்கு வரும். என் ரிசீவர் ஆட்டோ செட்டப்ல (மைக் வச்சு அதுவே அளந்து செட் பண்ணிக்கிறது) முன் ஸ்பீக்கர லார்ஜ்னு போட்டு வச்சிருந்துச்சு. லார்ஜ்னா எதையுமே வெட்டாது, அப்புறம் சப் எங்க பாடும்?

அடுத்து, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்ல எல்எஃப்இ+மெயின்னும் யமஹா ரிசீவர்ல எக்ஸ்ட்ரா பேஸ்னும் ஒரு ஆப்ஷன் இருக்கும்ல, அத ஆன் பண்ணேன். சத்தம் வந்துச்சு, ஆனா ஒரே பேஸ் ரெண்டு எடத்துல இருந்து வர்றதால மிருதங்கத்தோட தொப்பி சத்தம் கொழகொழன்னு ஆயிடுச்சு. அத ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஸ்மால், கிராஸ்ஓவர் (பேஸ வெட்டி சப்புக்கு அனுப்புற எல்லை) 80 ஹெர்ட்ஸ்னு வச்ச அன்னிக்குதான் பாட்டு பாட்டா கேட்டுச்சு. ஸ்மால்னா ஸ்பீக்கர் மட்டம்னு அர்த்தம் இல்லீங்க, அடி பேஸ சப் பாத்துக்கும்னு அர்த்தம். சப் பின்னாடி இருக்குற கிராஸ்ஓவர் திருகிய ஃபுல்லா ஏத்திடுங்க, இல்லனா ரெண்டு தடவ வெட்டும். சப் வால்யூமும் நான் ரொம்ப ஏத்தி வச்சிருந்தேன், ஆட்டோ செட்டப் ட்ரிம்ம (ரிசீவர் சப்புக்கு வைக்குற சத்த அளவு) மைனஸ் 12 டெசிபல் வரைக்கும் எறக்கிடுச்சு, அதுக்கு கீழ போக வழியில்ல. திருகிய பாதிக்கு கொறச்சு மறுபடி ஓட்டினா மைனஸ் 5. சப் 9 அடில இருக்கும்போது ரிசீவர் 16 அடின்னு காட்டும், அது சப்புக்குள்ள ஆகுற தாமதத்தையும் சேத்த கணக்கு, அத மாத்தாதீங்க.

செட்டிங் சரியானப்புறமும் ஒரு தொல்ல. எண்பதுகள் பாட்டுல பேஸ் கிட்டார் எறங்கி எறங்கி வரும்போது கடைசி ஒரு நோட்டு மட்டும் பூம்னு வீங்கும், ஷோகேஸ் கண்ணாடி கிர்ர்ருங்கும், அம்மா "டேய் தலைய வலிக்குது, கொறைடா"ம்பாங்க. பேஸ் கிட்டாரோட தடிச்ச ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். 14 அடி ரூமுக்கு நீளவாக்குல ஒத்ததிர்வு வர்றது 40 ஹெர்ட்ஸ் கிட்ட. சப் மூலைல, சோஃபா பின் சுவத்த ஒட்டி, ரெண்டுமே அது உச்சமா இருக்குற எடம். சப்புக்கு நல்ல எடம் தேட, எடத்த மாத்தி, சப்ப தூக்கி நான் உக்கார்ற சோஃபா மேல வச்சு அதே பாட்ட ஓடவிட்டு தரையில தவழ்ந்து தவழ்ந்து கேட்டேன், டிவி ஸ்டாண்டுக்கு எடப்பக்கம் எல்லா நோட்டும் ஒரே அளவா கேட்டுச்சு. சப்ப அங்க வச்சு சோஃபாவ ரெண்டடி முன்னாடி இழுத்தேன். அம்மா இப்போ ஒண்ணும் சொல்றதில்ல, அதுதான் எனக்கு பெரிய சர்டிஃபிகேட்.

ரெண்டாவது வருஷம் ம்ம்ம்னு ஹம் வந்துச்சு. சப்ல ஆர்சிஏவ உருவினா நிக்குது, அப்போ கேபிள் வழியாதான் வருது. ரிசீவர்ல ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்ததுல செட்டாப் பாக்ஸுக்கு வர்ற டிஷ் ஒயர கழட்டின நொடியே நின்னுச்சு, எர்த் லூப், அதாவது ரெண்டு வழியா எர்த் ஆகி கரண்ட் சுத்துறது. எர்த் பின்ன வெட்டி விடுங்கன்னு சிலர் சொல்வாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, ஷாக் அடிச்சா உயிருக்கே ஆபத்து. நான் டிஷ்ஷயே நிறுத்திட்டு நெட்டுக்கு மாறிட்டேன்.

ராத்திரி சத்தம் கம்மியா வச்சா ஆட்டோ ஸ்டாண்ட்பைல சப் தூங்கிடுது, படத்துல பாதில முழிச்சுக்குது. அதனால சுவிட்ச ஆன்லயே வச்சு, படுக்கும்போது பிளக்குல அணைச்சிடுறேன். பத்து மணிக்கு மேல சப் ட்ரிம்ம 5 டெசிபல் எறக்கிடுவேன், கீழ் வீட்ல கைக்கொழந்த இருக்கு.