பல்வலி, கையில் இரண்டாயிரம் ரூபாய்: எங்கே போவது?

என் தம்பிக்கு வலி வந்தது ஒரு சனிக்கிழமை இரவு. கீழ்க் கடைவாய்ப் பல். படுத்தால் விண் விண்ணென்று தெறித்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிந்தது. விடியும்வரை சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, செம்பிலிருந்து குளிர்ந்த நீரை வாயில் ஊற்றி அந்தப் பக்கமாகவே ஒதுக்கி வைத்திருந்தான். நீர் வெதுவெதுப்பானதும் துப்பிவிட்டு இன்னொரு மடக்கு. குளிர்ச்சியில் வலி அடங்குகிறது என்றால் பல்லுக்குள் இருக்கும் பற்கூழ், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட மெல்லிய சதை, சாகும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருளாம். மறுநாள் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஞாயிறன்று திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ரூட் கேனால் (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது), அதன் மேல் சிர்கோனியா உறை (பல் நிறத்தில் பீங்கான் போன்ற தொப்பி) எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய், பாதியை இன்றே கட்ட வேண்டும் என்றார்கள். அவன் மாதச் சம்பளம் 16,000. “சங்கிலியை வைத்துவிடலாம் அக்கா” என்றான். அவன் மனைவி கையைக் கழுத்துக்குக் கொண்டுபோயே விட்டாள். அப்போது ஒன்று கேட்கத் தோன்றியது: “டாக்டர், இன்றைக்கு வலி நிற்க மட்டும் என்ன செய்ய வேண்டும்? அதற்கு எவ்வளவு ஆகும்?” மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, கெட்ட பற்கூழை எடுத்துத் தற்காலிகமாக அடைக்க வேண்டும், எக்ஸ்ரேயோடு 1,200 ரூபாய் என்றார். அரை மணி நேரத்தில் வலி போனது. அன்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

வலியை நிறுத்துவது ஒரு செலவு, பல்லைக் காப்பாற்றுவது வேறொரு செலவு. இரண்டையும் ஒரே ரசீதாக்கி வலியோடு துடிப்பவர் முன் நீட்டும்போதுதான் நகை அடகுக்குப் போகிறது. முதல் வேலைக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்கை மிஞ்ச எதுவும் இல்லை. மாலையிலும் ஞாயிறிலும் திறந்திருக்கும், வரிசை கிடையாது. இரண்டாவது வேலைக்கு அதே இடம்தான் பெரும்பாலும் மிக விலை உயர்ந்தது. அந்த வேலையை அடுத்த சில வாரங்களுக்குள் வேறிடத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் வலி போய்விட்டதே என்று விட்டுவிடக் கூடாது. தற்காலிக அடைப்பு கசியும்; உள்ளே சீழ் கட்டும்.

அரசு மருத்துவமனையை வலியோடு இருப்பவர்கள் மறந்தே போகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் மருத்துவர் இருக்கிறார். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கிவருகிறது. சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் கல்லூரிகள் உள்ளன. பல்லைப் பிடுங்க வேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டால், இவற்றைத் தவிர வேறெங்கும் போகத் தேவையில்லை என்பேன். ரூட் கேனாலுக்கு மட்டும் கூட்டத்தைப் பொறுத்து நாள் கொடுப்பார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும்: நாளுக்கு 700 ரூபாய் கூலி என்றால், நான்கு நடை நடந்தால் 2,800. இலவசம் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள். மதுரவாயல், வேலப்பன்சாவடி, ராமாபுரம் என்று சென்னையைச் சுற்றியே பல இருக்கின்றன. மாணவர்களுக்குப் பயிற்சிக்கு நோயாளிகள் தேவை. அதனால் கட்டணம் குறைவு. மாணவர் கையில் பல்லைக் கொடுப்பதா என்று தம்பி தயங்கினான். அங்கே நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிய வைத்தார் மாணவி. வேரின் நீளத்தை அளந்தார், எக்ஸ்ரே எடுத்தார், பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார். ஒரு தடவை உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். மூன்று முறை போனோம். மொத்தம் 2,400 ரூபாய். கடைவாய்ப் பல்லுக்குப் பல வேர்க்குழாய்கள் இருப்பதால், முதுநிலை மாணவர் செய்வாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பல்லுக்கு அந்தக் கவலை வேண்டாம். பணம் குறைவு, ஆனால் நேரம் கொஞ்சம் ஒதுக்க முடியும் என்பவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

பிடுங்கிவிடலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஞானப்பல் என்றால் பெரும்பாலும் யோசிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் வேறு பல் கட்டத் தேவையில்லை. மெல்லும் கடைவாய்ப் பல் அப்படியல்ல. இடம் காலியானால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கிவரும். பிறகு அந்த இடத்தில் ‘பாலம்’ என்னும் நிலையான செயற்கைப் பல் கட்ட வேண்டுமென்றால், அதைத் தாங்க இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்க வேண்டும். செலவு ரூட் கேனாலைத் தாண்டிவிடும். ஆனாலும் பல் வேர்வரை பிளந்துவிட்டால், பிடுங்கச் சம்மதிப்பதில் தவறே இல்லை.

காப்பீட்டை நம்பி இருக்க வேண்டாம். வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் அடிபட்டாலன்றிப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. ஆனால் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள், தங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். மாதாமாதம் பணம் பிடிபட்டும் அந்த அட்டையை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவர்கள் எத்தனையோ பேர். தம்பி வேலை பார்க்கும் கடையில் நான்கே பேர், அதனால் அவனுக்கு அது இல்லை. அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். கிளினிக் தரும் வட்டியில்லாத் தவணையில் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை ஓரிரவைக் கடத்த உதவும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்டுப் பற்கூழின் வலி தீராது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழைத்து அரசுப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் உறை போடாவிட்டால் உடையும். தம்பிக்குச் சிர்கோனியா வேண்டாம், வெறும் உலோக உறை போதும் என்று அந்த மாணவியே சொன்னார். பின்னால் இருக்கும் பல், யார் பார்க்கப் போகிறார்கள், பலமும் குறையாது என்றார். அடுத்த மாதச் சம்பளம் வந்த வாரமே போட்டுக்கொண்டான். அதுவரை அந்தப் பக்கத்தில் முறுக்குக் கடிக்காமல் இருந்தான்.