பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் பின் சீட்டை சேதாரம் இல்லாம கழட்டணுமா? பெங்களூர் மினர்வா சர்க்கிள் பக்கத்து பட்டறை பத்தி என் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். வேலைக்கு மட்டும்னா முழுசா 5 குடுப்பேன், அந்த ஒரு ஸ்டார் பார்க்கிங்குக்கும், போன் எடுக்காததுக்கும், "நாளைக்கு வாங்க சார்"னு சொல்லி நாளைக்கு போனா ஷட்டர் பாதி இறங்கி இருக்கறதுக்கும் கட்.

கடைக்கு போர்டு எதுவும் கிடையாது. ஜேசி ரோட்ல டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் நடுவுல வரிசையா சீட் கவர் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மியூசிக் சிஸ்டம் மாட்டற கடைன்னு போகும்ல, அதுல மினர்வா சர்க்கிள் பக்கத்து கோடியில உள்ள போற சந்துல பழைய ஜீப் பாடி ஒண்ணு வாசல்ல நிக்கும், அதான் அடையாளம். மேஸ்திரி நம்ம ஆளு, வேலூர் பக்கம், தமிழ்ல பேசலாம், பசங்க கன்னடம், உருது எல்லாம் கலந்து பேசுவாங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல.

வண்டி எங்க மாமாவோடது. 1973 ஃபோக்ஸ்வேகன் டைப் 2, ஊர்ல கோம்பின்னு சொல்வோமே அதான், முன் கண்ணாடி ஒரே பெரிய வளைவா இருக்கற மாடல். அல்சூர்ல ஷெட்ல ரொம்ப வருஷமா நின்னுட்டு இருந்துச்சு. பின் சீட்டுக்கு அடியில தரை துரு பிடிச்சிருக்கான்னு பாக்கணும், ரெக்சின் வேற வெயில்ல காஞ்சு அப்பளம் மாதிரி ஆயிருக்கு, அதனால சீட்டை முழுசா வெளிய எடுத்தாகணும். இதுல என்ன பெரிய விஷயம், நாலு போல்ட் கழட்டி தூக்கி வெச்சா முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. மாருதி ஆம்னின்னா அப்படித்தான். 50 வருஷ வண்டில அந்த போல்ட்டுதான் எமன்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு பெரிய கேரேஜ்ல கேட்டேன், பேர் வேண்டாம், ஏசி ரூம்லாம் வெச்சு காபி எல்லாம் குடுத்தாங்க, பையன் வந்து டார்ச் அடிச்சு பாத்துட்டு "கட்டிங் கிரைண்டர் போட்டு போல்ட் தலைய வெட்டிடலாம் சார், அரை மணி நேரம்"னான். சரி வெட்டிட்டா திரும்ப மாட்டறது எப்படிப்பான்னு கேட்டா புது போல்ட் போட்டுக்கலாமாம். போல்ட் கிடைக்கும் தம்பி, அது திருகற நட்டு தரைத் தகட்டோட சேந்து வெல்டு ஆகி இருக்கே, வெட்டின மிச்ச போல்ட் அதுக்குள்ளயே செத்துக் கிடக்கும், அப்புறம் ட்ரில் போட்டு எடுக்கணும், ட்ரில் வழுக்குனா நட்டுக்குள்ள இருக்கற திருகு வரி, அதான் மரை, போச்சு, நட்டு பேந்தா தரையும் போச்சு. இத்தனைக்கும் கிரைண்டர் பொறி பறக்கற இடம் எங்க தெரியுமா, இந்த வண்டில இன்ஜின் பின்னாடி, அதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ்க்கு மேல பெட்ரோல் டேங்க், டேங்குக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு தகடு. ஐம்பது வருஷ ரப்பர் ஹோஸ் வேற, இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது எவ்வளவு தாங்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. காபி நல்லா இருந்துச்சு, குடிச்சுட்டு வந்துட்டேன்.

இந்த மேஸ்திரி கிட்ட போனப்ப அவர் சீட்டையே பாக்கல. முதல்ல வண்டிக்கு அடியில படுத்தார். படுத்துட்டு உள்ள இருந்தே "சார், பேட்டரி வயர் கழட்டிட்டீங்களா, பெட்ரோல் எவ்ளோ இருக்கு"ன்னார். எனக்கு அங்கயே நம்பிக்கை வந்துடுச்சு. சூடு காட்டினா ஈஸியா வருமே அண்ணேன்னு கேட்டேன். "கேஸ் பத்த வெக்கற வேலையே இந்த எடத்துல கெடையாது சார், டேங்க கீழ எறக்கி வெளிய வெச்சுட்டு வாங்க, அப்ப பேசலாம்"னு சொல்லிட்டு வொயர் பிரஷ் எடுத்தார்.

அவர் செஞ்ச முறை இதான், நல்லா கவனிச்சேன் ஏன்னா பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன், அவரும் வேண்டாம்னு சொல்லல. போல்ட் வால் தரைக்கு கீழ நீட்டிட்டு இருக்கும்ல, அதுல வருஷக்கணக்கா மண்ணு, தார், துரு எல்லாம் ஒட்டி கல்லு மாதிரி ஆயிருக்கும். மேல இருந்து திருகறப்ப அந்த அழுக்கு மரை எல்லாம் நட்டுக்குள்ள ஏறித்தான் வெளிய வரணும், பாதில சிக்கிக்கும், அப்ப பலம் குடுத்தா போல்ட் முறிஞ்சிடும். அதனால முதல்ல கீழ இருக்கற வாலை பளபளன்னு தேச்சார். அப்புறம் துரு இளக்கற ஆயில் கீழ இருந்தும் மேல இருந்தும் அடிச்சு, சின்ன சுத்தியால தலையில தட்டி தட்டி விட்டார், ஓங்கி அடிக்கல, அதிர்வுக்கு மட்டும். அதோட அன்னிக்கு வேலை முடிஞ்சுது, ஊறட்டும்னுட்டார். நிறைய பேர் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சா எல்லாம் கழண்டுடும்னு நம்பறாங்க, அது ஈரத்தை விரட்டறதுக்கு வந்த சரக்கு, லேசா பிடிச்சதுக்கு ஓகே, இந்த மாதிரி கேஸுக்கு தனியா பெனட்ரேட்டிங் ஆயில் வேணும், பொறுமையும் வேணும்.

அப்புறம் ஸ்பேனர் விஷயம். 8 எம்எம் போல்ட்டுக்கு 13 நம்பர் சாக்கெட். பையன் ஒருத்தன் 12 மூலை சாக்கெட் எடுத்துட்டு வந்தான், மேஸ்திரி அத வாங்கி ஓரமா வெச்சுட்டு 6 மூலை சாக்கெட் எடுத்தார், துரு தின்ன தலைக்கு 12 மூலை போட்டா வழுக்கி மழுங்கிடும். போல்ட்டை வேகமா கழட்டற இம்பாக்ட் கன் சுவத்துல தொங்குது, தொடவே இல்ல. நீட்டு கைப்பிடி போட்டு முதல்ல கொஞ்சம் டைட் பக்கம் திருப்பினார், கழட்டற பக்கம் இல்ல, டைட் பக்கம். டக்குன்னு ஒரு சத்தம், துரு விட்டுடுச்சு. அப்புறம் கால் சுத்து வெளிய, கொஞ்சம் உள்ள, ஆயில், திரும்ப கால் சுத்து. பாக்கறவனுக்கு தூக்கம் வரும் ஆனா கையில ஃபீல் பண்ணிட்டே இருக்கார் மனுஷன். ஒரு போல்ட்டுல மட்டும் நட்டு கூடவே சுத்த ஆரம்பிச்சுது, வெல்டு விட்டிருக்கு போல, உடனே நிறுத்திட்டு பையனை கீழ அனுப்பி வைஸ் கிரிப் (கவ்வி லாக் ஆகற பிளையர்) போட்டு பிடிக்கச் சொல்லி கழட்டினார். சும்மா சுத்திட்டே இருந்திருந்தா தகடு ஓட்டை ஆயிருக்கும்.

முதுகு சாயற பலகை தனி, அது ரெண்டு பக்கமும் பாடியோட போல்ட் போட்டிருக்கு. அத முதல்ல எடுத்து வெளிய வெச்சுட்டுத்தான் கீழ் சீட்டை அசைச்சார். சீட்டு கால்ல எல்லாம் பழைய சைக்கிள் ட்யூப் வெட்டி சுத்தினார், ஸ்லைடிங் டோர் ஓரத்துல கம்பளி போட்டு டேப் ஒட்டினார், மேல கூரைத்துணி கிழியக் கூடாதுன்னு ஒரு பையனை உள்ளயே நிக்க வெச்சு சீட்டை லேசா சாய்ச்சு கொண்டு வந்தாங்க. இழுக்க விடல, தூக்கித்தான் எடுக்கணும்னார், இழுத்தா தரை பெயின்ட்ல கோடு விழும். எல்லா போல்ட்டும் ஜிப் கவர்ல, எந்த பக்கம்னு மார்க்கர்ல எழுதி. இந்த ஒரு பழக்கம் நம்ம ஊரு பட்டறைல எத்தனை பேருக்கு இருக்கு சொல்லுங்க.

உள்ள பாத்தா ஸ்பிரிங் மேல காயர் மெத்தைல இருக்குமே அந்த ரப்பர் போட்ட நார் மாதிரி திண்டு, இப்ப வர்ற ஃபோம் இல்ல. தொட்டா பொடி பொடியா உதிருது. தரையில மேலாப்ல துரு, ஓட்டை இல்ல, நிம்மதி. மரை எல்லாம் டேப்புங்கற மரை வெட்டற கருவிய உள்ள திருகி சுத்தம் பண்ணி, கிரீஸ் தடவி பழைய போல்ட்டையே ரெண்டு சுத்து திருகி வெச்சுட்டார், இல்லன்னா கீழ இருந்து தூசியும் தண்ணியும் ஏறி திரும்ப அதே கதைதான்.

ஏன் இவ்வளவு அலட்டல்னு கேக்கறவங்களுக்கு, 2021ல வந்த மத்திய அரசு ரூல்படி 50 வருஷம் தாண்டின வண்டிய வின்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணலாம், புதுசா பண்ண 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல விஏ-ன்னு வரும். ஆனா வண்டி ஒரிஜினலா இருக்கணும், பெரிய மாத்தம் எதுவும் பண்ணி இருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் முடியாது. மாமாவுக்கு அந்த ஆசை இருக்கு. இந்த வண்டி பிரேசில்ல 2013 வரைக்கும் தயாராச்சு, அதனால ரப்பர், போல்ட்டு எல்லாம் வெளிநாட்ல இருந்து வரவழைச்சுடலாம், பழைய சீட் ஃப்ரேம் வளைஞ்சு போனாதான் கஷ்டம், ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேந்து வண்டி விலைக்கு வந்து நிக்கும். அப்புறம் சீட்டே இல்லாம ஜாலியா ரோட்ல சுத்தலாம்னு யாராவது பிளான் வெச்சிருந்தா ஆர்சி-ல எத்தனை சீட்டுன்னு இருக்குன்னு பாத்துக்கோங்க, நிரந்தரமா மாத்தறதுன்னா ஆர்டிஓ அனுமதி வேணும்.

லேபர் 3,500 வாங்கினார். கிரைண்டர் கேரேஜ் சொன்னதை விட அதிகம்தான், நான் பேரம் பேசல. எழுதின எஸ்டிமேட் எல்லாம் கேக்காதீங்க, வாயால சொல்றதுதான், ஆனா சொன்னதுக்கு மேல ஒரு ரூபா கேக்கல.

மைனஸ் என்னன்னா, வண்டி நிறுத்த இடமே இல்ல, ஜேசி ரோடு ஒன்வே, சந்துக்குள்ள இந்த அகல வேனை ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள பின்னாடி ஆட்டோக்காரங்க நம்ம பரம்பரையையே விசாரிச்சுடறாங்க. காலைல கடை திறந்த உடனே போயிடுங்க. வெளிய எடுத்த சீட்டை கடை வாசல்ல வெயில்லயே வெச்சுட்டாங்க, நான் சொன்னப்புறம்தான் உள்ள தூக்கி வெச்சாங்க, காஞ்ச ரெக்சின் வெடிச்சா சாம்பிளுக்குக் கூட ஒரிஜினல் டிசைன் கிடைக்காது. தையல் வேலையும் பண்ணுவோம்னு சொல்றாங்க, அங்க தெச்சு வெச்சிருந்த ஒரு ஜீப் சீட்டை பாத்தேன், கோடு வளைஞ்சு போகுது, எனக்கு பிடிக்கல. மேஸ்திரி கிட்டயே கேட்டேன், "அது பசங்க பண்றது சார், உங்க வண்டிக்கு வேணாம், நான் வேற ஆள் சொல்றேன்"னு உண்மையச் சொல்லிட்டார். அவர் சொன்ன ஆள் சிவாஜிநகர்ல இருக்கார், சீட்டு இப்ப அங்கதான் கிடக்கு, தெச்சு வந்தா அது தனி ரிவ்யூவா போடறேன். போன் பண்ணி நேரம் வாங்கிட்டு போகலாம்னு நினைக்காதீங்க, எடுக்க மாட்டார், நேர்ல போங்க, போறப்ப ரெண்டு பழைய கம்பளி கொண்டு போங்க, அங்க இருக்கறது ஒண்ணுதான், அதுலயும் கிரீஸ்.