தழும்புக்கு ஷீட்டா, ஊசியா, காந்தமா?

காது குத்திய இடத்தில் புடைத்த தழும்பு, பைக் சைலன்சர் சுட்டுத் தடித்த கெண்டைக்கால்: இரண்டிலும் தோலின் செல்கள் காயம் ஆறிய பிறகும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்ந்தால் அது கீலாய்டு. வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மறுபடி வளரும்.

சிலிகோன் ஷீட்டில் வலி கிடையாது. ஆனால் தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கடலூர் ஓ.டி. கடைத்தெருவில் நின்று வியாபாரம் பார்ப்பவருக்கு மத்தியானத்துக்குள் வியர்வையில் ஓரம் கழன்று சுருண்டுவிடும். கழுவி, உலர்த்தி, திரும்ப ஒட்டப் பொறுமை வேண்டும். புதுத் தழும்புக்கு இது போதும்.

கெட்டிப்பட்ட கீலாய்டுக்கு என் ஓட்டு டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்குத்தான். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். தழும்பு கல்லாக இருந்தால் சிரிஞ்சை அழுத்தும் டாக்டரின் கட்டைவிரலே வெளுத்துப்போகும். போட்டுக்கொள்பவர் பாடு கேட்கவே வேண்டாம். அரிப்பு அடங்கும், மேடு அமுங்கும். பக்கத்துத் தோலுக்கு மருந்து கசிந்தால் அங்கே தோல் மெலிந்து வெளுக்கும். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

காந்த முறையில், மருந்தை இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் ஏற்றி, வெளியே வைத்த காந்தத்தால் வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். (திருவிழாக் கடையில் விற்கும் காந்தப் பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1996இலேயே ஜெர்மனியில் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். தழும்பு விஷயத்தில் இன்னும் ஆய்வுக்கூடப் பேச்சுதான். சிக்கல் என்னவென்றால், தூரம் கூடக்கூடக் காந்த இழுவை சட்டென்று விழுந்துவிடும். தோல் மேலேயே இருப்பதால் அங்கே நன்றாகப் பிடிக்கும். ஆனால் அங்கேதான் ஊசியே நேராகப் போய்விடுகிறதே! ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்குள் குடல் ஒட்டிக்கொள்ளும் தழும்புக்கு ஊசி எட்டாது, காந்தமும் எட்டாது.

எனக்கு நம்பிக்கை தருவது கண். க்ளாகோமா என்பது பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். அதற்காகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற வழி திறக்கும் டிரபெகுலெக்டமி ஆபரேஷனில், புதிதாகத் திறந்த வடிகாலைத் தழும்பே அடைத்துவிடுவது உண்டு. அதைத் தடுக்க, செல்கள் பெருகுவதை அடக்கும் மைட்டோமைசின்-சி மருந்தை வைக்கிறார்கள். அளவு மீறினால் திசு மெலிந்து, கண் அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும். மேலாகவே இருக்கிற, இம்மி பிசகக் கூடாத அந்த இடத்தில் மருந்தைக் கட்டிப்போடக் காந்தம் உதவலாம். ஆனால் துகள் உள்ளே நழுவக் கூடாது. விழித்திரைக்கு இரும்பு விஷம்.