ஓ.என்.ஜி.சி.யின் பசுமைக் கணக்கு: வாட்ஜ் பேங்க் கரையிலிருந்து

2038-க்குள் ‘நெட் ஜீரோ’ (வெளியிடும் புகைக்கு ஈடாக அகற்றி, நிகரக் கணக்கைப் பூஜ்யமாக்குவது) என்கிறது பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. இலக்கு நல்லது. ஆனால் அது ஸ்கோப் 1, ஸ்கோப் 2-க்கு மட்டும். அதாவது எண்ணெய் எடுக்கும்போது வரும் புகையும், வாங்கும் மின்சாரத்தின் புகையும். விற்ற எண்ணெயை எரிப்பதால் வருவது ஸ்கோப் 3. எண்ணெய்த் தொழிலில் பெரும்பங்கு அதுதான். குளச்சல் விசைப்படகு ஒன்று 1,000 லிட்டர் டீசல் எரித்தால் சுமார் 2.7 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்; இந்த இலக்கில் அது சேராது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி நிறுவனங்களிடம் கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கைப் படிவத்திலும் ஸ்கோப் 3 கட்டாயப் பகுதியில் இல்லை.

இந்த அறிக்கையைப் படிப்பவர்கள் ‘ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு’ என்ற விகிதத்தோடு நிற்க வேண்டாம். விகிதம் குறைந்தாலும் உற்பத்தி கூடினால் மொத்தப் புகை ஏறும். மொத்த டன்னை மூன்று வருடமாவது அடுக்கிப் பாருங்கள். எரிவாயுவை வீணாய் எரிப்பது, மீத்தேன் கசிவு, எண்ணெயோடு மேலே வரும் கழிவுநீர் ஆகியவற்றையும் தனித்தனியே தேடுங்கள்.

நமக்கு முக்கியம் கடைசியில் சொன்ன கழிவுநீர்தான். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவதற்கான மூன்று தொகுதிகள் இந்நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கின்றன. குமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க கடல்மேடான வாட்ஜ் பேங்க் நம் மீனவர்களின் வயல். நிறுவனம் முழுமைக்குமான சராசரி இங்கே பயன்படாது. தொகுதிவாரிக் கணக்கு வேண்டும், அதுவும் தமிழில், துறைமுகத்தில் ஒட்டும்படி.